அதிமதுரத்தின் இனிப்பு செய்யும் வேலை

நீங்கள் கேட்டது இது. அம்மாவுக்கு 62 வயது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று சொன்ன பிறகு, ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாகத் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் அதிமதுரப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்து வருகிறார். அதிலுள்ள கிளைசிரைசின் ஈரலைக் காக்கும், வைரஸைக் கொல்லும், வயிற்றுப்புண்ணை ஆற்றும் என்று அந்த வீடியோ சொல்கிறது. இதில் எவ்வளவு உண்மை, அம்மா தொடர்ந்து குடிக்கலாமா?

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதிமதுரம் நிஜமாகவே வேலை செய்கிற மருந்து, அதனால்தான் இப்படிச் சொல்கிறேன். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள். அந்த வீடியோ சொன்ன மூன்றிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் ஒரே அளவு உண்மை இல்லை.

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன். இந்தப் பாடம் வரும்போது நாட்டு மருந்துக் கடையிலிருந்து நாலைந்து அதிமதுரக் குச்சி வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். விரல் கனம், பழுப்புத் தோல், நீளவாக்கில் சுருக்கம். உடைத்தால் நார் நாராகப் பிரியும், உள்ளே மஞ்சள். ஒரு துண்டை வாயில் போட்டால் முதலில் மரச்சிராயை மெல்லுகிற மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் இனிப்பு எழும். எழுந்த பிறகு லேசில் போகாது, தொண்டை வரை இறங்கி அங்கேயே நிற்கும். சர்க்கரை நாக்கில் பட்ட உடனே இனித்து, உடனே மறையும். இப்படித் தாமதமாக வந்து நெடுநேரம் நிற்கும் இனிப்புதான் கிளைசிரைசின். சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் பூந்திக்கொட்டை மாதிரி நுரை வரும், அதுவும் இதே பொருளின் குணம்தான்.

இதன் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். நடுவில் ஐந்து வளையங்கள் கொண்ட ஒரு கரு. அதன் ஒரு முனையில் சர்க்கரை வகையைச் சேர்ந்த இரண்டு குளூக்குரானிக் அமில மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் விழுங்கியதும் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த இரண்டையும் வெட்டிவிடும். மிஞ்சுகிற கருவுக்குக் கிளைசிரெட்டினிக் அமிலம் என்று பெயர். வாய்க்குள் போவது கிளைசிரைசின், ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் இந்தக் கரு. அந்தக் கருவுக்கு நம் அட்ரீனல் சுரப்பி சுரக்கிற ஸ்டீராய்டுகளின் சாயல் இருக்கிறது. நன்மை, தீமை இரண்டும் அந்தச் சாயலிலிருந்துதான் வருகின்றன.

இந்தக் கதை வயிற்றுப்புண்ணில்தான் தொடங்குகிறது. நெதர்லாந்தின் வடக்கே ஹீரன்வேன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் கொடுத்த கலவையைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்புண் ஆறுவதை ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் கவனித்தார். அந்தக் கலவையில் 40 சதவீதம் அதிமதுரச் சாறு. தானே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1946ல் முடிவுகளை எழுதினார். புண் ஆறியது உண்மை. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின, தலைவலி வந்தது, சிலருக்கு மூச்சு வாங்கியது. மருந்தை நிறுத்தியதும் வடிந்துவிட்டது. நல்லதை மட்டும் எழுதிவிட்டு வீக்கத்தை ஒதுக்கியிருக்கலாம். அவர் இரண்டையும் பதிவு செய்தார். அந்த நேர்மையால்தான் பின்னால் வந்தவர்கள் அந்த வீக்கத்தைத் துரத்திக்கொண்டு போனார்கள்.

பிரிட்டனில் இந்தக் கருவைக் கொஞ்சம் மாற்றி கார்பினாக்சலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிய ரிச்சர்ட் டால் குழுவே இந்த மருந்தையும் சோதித்தது. 1962ல் வந்த அந்த ஆய்வில் இரைப்பைப் புண் நிஜமாகவே வேகமாக ஆறியது. நம் இரைப்பைக்கு உள்பூச்சாக இருக்கும் கோழைப்படலத்தை வளர்க்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதை அழிக்கும் நொதியை அதிமதுரத்தின் கரு தடுக்கிறது. ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துப் புண்ணை உண்டாக்கும். இது அதற்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

1976ல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது, கார்பினாக்சலோனின் காலம் முடிந்தது. அப்புறம் 1980களில் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் காரணம் என்று தெரிந்தது. அதனால் இன்று வயிற்றுப்புண் உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கிருமிக்கான சோதனை.

சரி, அந்த வீக்கத்துக்கு வருவோம். நம் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஒரு ஏற்பி இருக்கிறது. அதற்கு உத்தரவு போட வேண்டியவர் ஆல்டோஸ்டீரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன். ஆனால் கார்டிசால் என்ற இன்னொரு ஸ்டீராய்டும் அதே பூட்டுக்குப் பொருந்தும் சாவி. அதுவும் ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோனைவிடப் பல நூறு மடங்கு அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கார்டிசாலைத் தடுக்காமல் விட்டால் அது நாளெல்லாம் உப்பைப் பிடி, உப்பைப் பிடி என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க சிறுநீரகச் செல்லுக்குள் ஒரு நொதி காவல் நிற்கிறது. உள்ளே வரும் கார்டிசாலை அது கார்டிசோனாக மாற்றிவிடும். கார்டிசோன் அந்தப் பூட்டைத் திறக்காது.

அதிமதுரத்தின் கரு இந்தக் காவல் நொதியைத்தான் கட்டிப்போடுகிறது. கார்டிசால் உள்ளே நுழைகிறது. உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துக்கொள்கிறது, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. பிபி ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் குறைந்து தசை தளரும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். 1987ல் எடின்பரோ ஆய்வாளர்கள் இந்த நொதியைக் காட்டிக்கொடுக்கும் வரை, அதிமதுரமே ஆல்டோஸ்டீரோன் போல நடிக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். சிறு வயதிலேயே கடுமையான பிபி, குறைந்த பொட்டாசியம். அதிமதுரம் அதிகம் தின்றவரின் ரத்தப் பரிசோதனையும் அந்தக் குழந்தையின் பரிசோதனையும் ஒரே மாதிரி இருக்கும்.

கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் 2,300 வருடத்துக்கு முன்பு எழுதிய ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். சித்தியர் என்ற குதிரை வீரர்கள் இந்த வேரையும் குதிரைப்பால் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொண்டு பதினொன்று, பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்குவார்கள் என்கிறார். பன்னிரண்டு நாள் என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் உப்பையும் நீரையும் உடம்புக்குள் கட்டி வைக்கும் வேர் இது என்று யாரோ அப்போதே உணர்ந்திருக்கிறார்கள். நம் வைத்தியத்திலும் தாகம் தணிக்க இதைச் சொல்வார்கள்.

உங்கள் கேள்வியின் மையம் ஈரல். இங்கேதான் கிளைசிரைசினுக்கு வலுவான சரித்திரம் இருக்கிறது, ஆனால் அது பொடியின் சரித்திரம் இல்லை. ஜப்பானில் கிளைசிரைசினுடன் கிளைசின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்து ஸ்ட்ராங்கர் நியோ மினோஃபேகன் சி என்ற ஊசி மருந்தைப் பல பத்தாண்டுகளாக ஹெபடைடிஸ் என்கிற நாள்பட்ட ஈரல் அழற்சிக்குக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்றுவதால் குடல் பாக்டீரியாவின் வெட்டுக்குத் தப்பி முழு மூலக்கூறும் ரத்தத்துக்குப் போகும். ஈரல் செல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி அளவு இதில் குறைந்தது. டோக்கியோவின் ஒரு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 1997ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 15 வருடத்தில் ஈரல் புற்றுநோய் வந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம், போடாதவர்களில் 25 சதவீதம்.

இந்தக் கணக்கைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் மிகவும் உற்சாகப்பட்டேன். ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. யாருக்கு ஊசி, யாருக்கு வேறு சிகிச்சை என்று முன்பே மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஊசி வைரஸையும் குறைக்கவில்லை. ஐரோப்பாவில் செய்த ஆய்வில் ஊசி போடும்வரை ஏஎல்டி இறங்கியது, நிறுத்தியதும் திரும்ப ஏறியது. வீட்டில் தீ எரியும்போது சுவரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதுபோல. 2013க்குப் பிறகு சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகள் வந்து சில மாதங்களில் ஹெபடைடிஸ் சி வைரஸையே ஒழித்துவிடுவதால், அந்த நோய்க்கு இந்த ஊசியின் தேவை போய்விட்டது.

இன்றைக்கு எனக்கு நம்பிக்கை தரும் இடம் வேறு. மருந்துகளால் ஈரல் கெடுவது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டு சிகிச்சையே தடைப்படுவதை நம் ஊர் மருத்துவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சீனாவில் கிளைசிரைசினின் ஒரு மாற்றுருவான மக்னீசியம் ஐசோகிளைசிரைசினேட்டை இதற்கு ஊசியாகக் கொடுக்கிறார்கள். மருந்தால் ஈரல் கெட்ட 174 பேரிடம் செய்த ஆய்வில் நான்கு வாரத்தில் ஏஎல்டி சரியானவர்கள் இந்த ஊசிக்கு ஏறக்குறைய 85 சதவீதம், ஒப்பீட்டு மருந்துக்கு 61 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இது. பெரிய அளவில் மற்ற நாடுகளிலும் செய்து பார்க்கத் தகுந்தது என்பது என் கருத்து.

செல் சேதமாகும்போது எச்எம்ஜிபி1 என்ற புரதம் வெளியே கசிந்து அழற்சியைக் கிளப்பும். கிளைசிரைசின் அந்தப் புரதத்தை நேராகப் பிடித்து அடக்குகிறது என்று 2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரலில் கிடைக்கும் பலனுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மாவுக்கு இருக்கும் கொழுப்பு ஈரலுக்கு ஈரானில் 66 பேரிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. தினம் 2 கிராம் அதிமதுரச் சாறு, இரண்டு மாதம். ஏஎல்டி கொஞ்சம் இறங்கியது. அதை வைத்துக்கொண்டு கொழுப்பு கரைந்தது என்று சொல்ல முடியாது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் இறங்கும் என்பதற்கு இதைவிடப் பல மடங்கு உறுதியான சான்று இருக்கிறது.

வைரஸ் விஷயம் சுருக்கமாகவே சொல்லலாம். 2003ல் சார்ஸ் பரவியபோது ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் செல் வளர்ப்பில் சில மருந்துகளைச் சோதித்தார்கள், கிளைசிரைசின் முன்னால் நின்றது. லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, உலகமெல்லாம் பேசியது. ஆனால் வைரஸைப் பாதியாகக் குறைக்கவே லிட்டருக்கு 300 மில்லிகிராம் வேண்டியிருந்தது. பொடியைக் குடித்தால் கிளைசிரைசின் முழுசாக ரத்தத்துக்கே போவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? கண்ணாடித் தட்டில் கிடைத்த அந்த அளவை வெந்நீரில் கலந்த பொடி எந்தக் காலத்திலும் எட்டாது. கொரோனா நேரத்தில் இந்தச் செய்தியை மறுபடி தூசு தட்டி எடுத்துப் பரப்பினார்கள். அதை நம்பி லிட்டர் கணக்கில் கஷாயம் குடித்தவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அதைவிடச் சுவையான ஒன்று சொல்கிறேன். நான் சொன்ன காவல் நொதிக்கு ஒரு சகோதர நொதி உண்டு. ஈரலிலும் கொழுப்பிலும் மூளையிலும் இருக்கிறது. அது தலைகீழாக வேலை செய்யும், கார்டிசோனைத் திரும்பக் கார்டிசாலாக்கும். வயதான மூளைக்குக் கார்டிசால் அதிகமானால் ஞாபகசக்திக்குக் கேடு. 2004ல் எடின்பரோவில் வயதான ஆண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்தப் பழைய அல்சர் மருந்து கார்பினாக்சலோனைச் சில வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களுக்குச் சொல்வளமும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறனும் கூடின. மொத்தம் இரண்டு டஜன் பேர்கூட இல்லாத ஆய்வு. பிபி ஏறாமல் இருக்க அமிலோரைடு என்ற மாத்திரையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதிமதுரம் சாப்பிட்டால் ஞாபகசக்தி வளரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிறுநீரக நொதியைத் தொடாமல் மூளை நொதியை மட்டும் தடுக்கும் மூலக்கூறுகளைத் தேடும் வேலை இதிலிருந்து சூடு பிடித்தது. கிளைசிரைசினின் மருத்துவ எதிர்காலம் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன். இரண்டு நொதிகளையும் ஒரே கையால் அடிக்கிறது இந்த வேர். எது எங்கே என்ன செய்கிறது என்று அது நமக்குக் காட்டிவிட்டது. குறிபார்த்து அடிக்கும் மருந்தை இனி வேதியியல்தான் செய்ய வேண்டும்.

இதே காவல் நொதி நச்சுக்கொடியிலும் உண்டு. தாயின் கார்டிசால் குழந்தைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் நிறையத் தின்ற கர்ப்பிணிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், பிரசவம் சற்று முன்கூட்டியே வந்ததையும் பிள்ளைகள் வளர்ந்தபின் சில அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியதையும் கண்டார்கள். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள் என்பது அந்த நாட்டு அறிவுரை. நம் வீடுகளிலும் இதைக் கறாராகச் சொல்ல வேண்டும்.

இப்போது அம்மாவின் ஸ்பூனுக்கு வருவோம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 3 கிராம். வேரில் கிளைசிரைசின் அளவு ஊருக்கு ஊர், அறுவடைக்கு அறுவடை மாறும். நடுத்தரமாக 5 சதவீதம் என்று வைத்தால் 150 மில்லிகிராம். தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் தினம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு சொன்ன அளவு. அந்த நூறே கொஞ்சம் அதிகமோ என்று இப்போது தோன்றுகிறது. 2024ல் சுவீடனில் 28 ஆரோக்கியமான ஆட்களுக்குத் தினம் 100 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்தபோது மேல் பிபி சராசரியாக 3 புள்ளி ஏறியது. இவர்கள் பிபி இல்லாத ஆட்கள். அம்மாவின் வயதுக்கும், ஏற்கெனவே இருக்கும் பிபிக்கும் பாதிப்பு இதைவிட அதிகமாகவே இருக்கும்.

சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இதைக் காலம் காலமாகக் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள், இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும், ஆடாதோடை போன்றவற்றோடு சேர்த்து, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி. தொண்டைக்கு இது நல்லது என்பதை நவீன ஆய்வும் ஒத்துக்கொள்கிறது. மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடும் அறுவை சிகிச்சைக்குச் சற்று முன் அரை கிராம் அதிமதுரக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். லக்னோவில் 40 பேரிடமும், பிறகு வியன்னாவில் 236 பேரிடமும். விழித்தபின் தொண்டைவலி வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கொப்பளித்துத் துப்பிவிட்டால் பிபி பயமும் இல்லை. அம்மாவுக்குத் தொண்டை கரகரத்தால் இதைத் தாராளமாகச் செய்யட்டும். வைத்தியர் பார்த்துக் கொடுத்த பத்து நாள் மருந்தும், வீடியோ பார்த்துக் குடிக்கும் முடிவில்லாத காலை வேளைப் பொடியும் ஒன்றாகாது.

பொடியில் இன்னொரு சிக்கல், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குன்றிமணிக் கொடியின் வேரையும் இந்திய அதிமதுரம் என்ற பெயரில் பதிலாகச் சேர்ப்பது உண்டு. அந்தச் செடியின் விதை கொடிய நஞ்சு. வாங்கியே ஆக வேண்டும் என்றால் குச்சியாக வாங்குங்கள்.

இனி அம்மாவுக்குச் செய்ய வேண்டியது. பொடியை நிறுத்துங்கள், பிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது நீர் பிரிய வைக்கும் மருந்து. அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும், அதிமதுரமும் வெளியேற்றும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். டிகாக்சின் என்ற இதய மருந்தோ ஸ்டீராய்டு மாத்திரையோ எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அம்லோடிபின் என்று இருந்தால் கவனம். அந்த மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும் என்பதால், அதிமதுரத்தின் வீக்கத்தை மாத்திரையின் தலையில் போட்டுவிட்டு விட்டுவிடுவோம்.

மூன்று வாரமாகப் பொடி குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாட்டு மருந்துதானே என்று பல பேர் இதைச் சொல்வதே இல்லை, டாக்டரும் கேட்பதில்லை. பிபி ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் இன்னொரு மாத்திரை கூடும். இந்த வாரமே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். நிறுத்திய பிறகும் பாதிப்பு இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அதுவரை வீட்டில் காலையும் மாலையும் பிபி பார்த்துக் குறித்து வையுங்கள். மாடிப்படி ஏறும்போது தொடை சோர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப்போய் ஈசிஜி எடுங்கள்.

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் இளநீர், வாழைப்பழம் என்று நீங்களே சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். அம்மாவின் மாத்திரையில் டெல்மிசார்டான் மாதிரி பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மருந்து இருந்தால் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறி, கணக்கு அந்தப் பக்கமும் தப்பிவிடும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். ரிப்போர்ட் வந்ததும் எண்களை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.